அரசி வேண்டாம் என்ற காலாள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை இப்பகுதியில் நாம் வெளியிட்ட விடை பிழையானது. அதனை முதலிற் சொல்லிவிட்டு மற்றவற்றைத் தொடங்குவதே முறை. பிழை அச்சுக் கோத்தவர்களுடையதன்று, முழுவதும் நம்முடையது.

புதிரை மறந்திருக்கக்கூடிய நேயர்களுக்காக அதனை மீண்டும் தருகிறோம். வெள்ளை அரசன் எஃப் 6. வெள்ளைக் காலாள் எஃப் 7. கறுப்பு அரசன் எச் 7. பலகையில் வேறு காய் ஒன்றும் இல்லை. வெள்ளை முதலில் ஆடி, தனது இரண்டாவது நகர்த்தலில் செக்மேட் செய்தல் வேண்டும். ஆட்டம் பயிலத் தொடங்கியிருக்கும் சிறுவர் சிறுமியர்க்கென்றே தேர்ந்த மிக எளிய புதிர் அது. இதற்கு நாம் அச்சிட்ட விடை: "காலாள் எஃப் 8-ஐ அடைந்து அரசியாகும். கறுப்பு அரசன் எங்கு ஒதுங்கினாலும், அரசி ஜி 7-ல் வந்து ஆட்டத்தை முடித்துவிடும்."

"எங்கு ஒதுங்கினாலும்" என்று எழுதிய கை, அவன் ஒதுங்குவதற்கு எங்கே இடம் இருக்கிறது என்று பார்க்கவில்லை. நேயர்கள் பலகையை எடுத்து வைத்துப் பாருங்கள். எஃப் 8-ல் அரசி வந்து அமர்ந்ததும் ஜி 8, எச் 8 ஆகிய இரண்டும் அவள் வசமாகின்றன. எச் 6-ஐயும் மூலைவாட்டில் அவளே காக்கிறாள். ஜி 7-ஐயும் ஜி 6-ஐயும் வெள்ளை அரசன் காக்கிறான். கறுப்பு அரசனுக்குச் செக் இல்லை. ஆயினும் அடியெடுத்து வைக்க ஒரு கட்டமும் இல்லை. இதற்கு ஸ்டேல்மேட் என்று பெயர். ஆட்டம் அந்தக் கணமே சமநிலையில் முடிகிறது. கையிலிருந்த வெற்றியை வெள்ளை கைநழுவ விட்டது. நாம் அதனை வெற்றி என்று அச்சிட்டோம்!

இந்தப் பிழை எவ்வாறு நேர்ந்தது? பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு வரும் பஸ்ஸில், பலகையின்றி, மனத்திலேயே காய்களை வைத்து அந்த விடையை எழுதினோம். புதிர் எளியது என்ற அலட்சியமே காரணம். கடினமான புதிராக இருந்திருந்தால் வீட்டிற்கு வந்து பலகையை விரித்திருப்போம்.

இனி, பிழையைக் கண்டவர் யார் என்பதைச் சொல்லவேண்டும். பசறைப் பகுதித் தோட்டம் ஒன்றில் வசிக்கும் ஒரு பாடசாலை மாணவி. தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஆகவே பெயரைக் குறிப்பிடவில்லை. இவர் முன்னமே விடை அனுப்பியிருந்தார். "காலாள் கோட்டையாகும்" என்பது அவரது விடை. நாமோ அரசி என்று எண்ணியிருந்தபடியால், அவரது பெயரைச் சரியான விடை எழுதியோர் பட்டியலில் சேர்க்கவில்லை. "அரசி" என்று எழுதி அனுப்பிய பலரது பெயர்களையும் வரிசையாக அச்சிட்டோம். தவறியவர்கள் எல்லோரும் பட்டியலில், தவறாதவர் வெளியில்!

இம்மாணவி இரண்டாம் முறை எழுதிய கடிதம் இவ்வாரம் நம் கைக்கு வந்தது. அப்பியாசக் கொப்பியிற் கிழித்த தாள். அதில் பென்சிலால் நான்கு சதுரங்கப் பலகைகள் வரையப்பட்டிருந்தன. கோபம் என்பது ஒரு வரியிலும் இல்லை. "ஐயா, நான் பிழையாக விளங்கிக்கொண்டேனா என்று சொன்னால் திருத்திக்கொள்வேன்" என்றே எழுதியிருந்தார். அவ்வளவு பணிவைப் படித்தபோது நமக்கு உண்டான வெட்கத்தை என்னென்பது!

அவரது வீட்டில் நடந்ததையும் எழுதியிருந்தார். பத்திரிகையில் அக்காவின் பெயர் இல்லையென்று தம்பி கேலி செய்தானாம். பலகையில் இவர் எத்தனை முறை வைத்துக் காட்டியும், "பேப்பர்ல வேற மாதிரிதானே போட்டிருக்கு" என்று மறுத்தானாம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் நெடுநாள் வேலை பார்த்து ஓய்ந்த தாத்தா ஒருவர் அவ்வீட்டில் இருக்கிறார். பேத்திக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. அவர் பத்திரிகையை வாங்கிப் பார்த்தார், பலகையையும் பார்த்தார். "அச்சில வந்துட்டா ராசாவுக்குப் போக எடம் வந்துருமா புள்ள? எழுதிப் போடு" என்றாராம். அந்த ஒரு வார்த்தையால்தான் இக்கடிதம் நமக்குக் கிடைத்தது.

விஷயம் இத்துடன் நின்றிருந்தால், மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த புதிருக்குப் போயிருப்போம். ஆனால் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் வேறொரு செய்தி இருந்தது. அவரது பாடசாலையிலிருந்து வலயமட்டப் போட்டிக்குச் சதுரங்கக் குழு ஒன்று செல்லவிருக்கிறது. பாடசாலையில் பலகை ஒன்றே உள்ளது. ஆட விரும்புவோர் அதிகம். எனவே பொறுப்பாசிரியர், நம் பகுதிக்கு விடை எழுதிப் பெயர் வெளிவருவோரை முதலிற் சேர்ப்பதென்று ஓர் ஏற்பாடு செய்திருந்தாராம். ஆசிரியர் மீது குறை சொல்வதற்கில்லை. அச்சில் வருவதை நம்பித்தான் அவர் அவ்வாறு செய்தார். குறை நம்முடையது. குழுவின் பெயர்ப்பட்டியல் இன்னும் அனுப்பப்படவில்லை என்று அறிகிறோம். ஆசிரியருக்குத் தனியே கடிதம் எழுதியுள்ளோம். தபால் மலையேறி வரச் சுணங்கினாலும் இந்தப் பத்தியை அவர் இன்று வாசிப்பார் என்பது நம் நம்பிக்கை. ஆகையால் ஐயத்திற்கு இடமின்றி இங்கே எழுதுகிறோம்: அப்புதிருக்குச் சரியான விடை அனுப்பியவர் அம்மாணவி, சென்ற வாரம் நாம் வெளியிட்ட பெயர்ப்பட்டியல் முழுவதும் செல்லாது.

விடை இதுதான். காலாள் எஃப் 8-ஐ அடைந்து கோட்டையாகிறது. கோட்டை மூலைவாட்டில் செல்லாது. எனவே எச் 6 திறந்திருக்கிறது. கறுப்பு அரசனுக்கு அந்த ஒரு கட்டமே கதி, அங்கே போகிறான். கோட்டை எச் 8-க்கு வருகிறது: செக்மேட். எச் நிரல் முழுவதும் கோட்டையின் வசம்; ஜி 7, ஜி 6, ஜி 5 மூன்றும் வெள்ளை அரசனின் வசம். அரசியின் வலிமை மிகுதியாய் இருந்தபடியால் பகைவனை மூச்சுவிட முடியாமல் நெருக்கி வெற்றியைக் கெடுத்தாள். வலிமை குறைந்த கோட்டை ஒரு கதவைத் திறந்து வைத்து, அந்தக் கதவிலேயே அவனைப் பிடித்தது.

(முதியோர் சிலர் கோட்டையை யானை என்றே வழங்குவர். தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையினால்தான் ஆட்டத்திற்குச் சதுரங்கம் என்று பெயர் வந்தது. அவர்கள் யானை என்றே வைத்துக்கொள்ளலாம். பெயர் மாறினாலும் அது செல்லும் வழி மாறாது.)

நம் ஞாயிற்றுக்கிழமைச் சபையில் இக்கடிதத்தை வாசித்தோம். பதுளைக் கடைவீதியில் ஒரு தையற்கடையின் பின்னறையில் நாம் கூடுவதை நேயர்கள் அறிவர். ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர், ஓர் ஆசிரியர், கடைக்காரர், தோட்டங்களிலிருந்து சாமான் வாங்க வரும் இளைஞர் இருவர் மூவர்: இவ்வளவே நம் சபை. ஆடுவதைக் காட்டிலும் ஆடி முடிந்த ஆட்டத்தைப் பிரித்துப் பார்ப்பதிலேதான் எங்களுக்கு விருப்பம். சென்ற வாரம் நாம் எழுதிய விடையைச் சபையில் வைத்துப் பாராமலே அனுப்பிவிட்டோம் என்பதற்காக நண்பர்கள் நம்மைச் சும்மா விடவில்லை. தையற்காரர் மட்டும் ஒன்றும் பேசாமல், மூன்று காய்களையும் பலகையில் வைத்து, நம் முன்னால் நகர்த்திவிட்டுத் தைக்கப் போய்விட்டார். வசவைக் காட்டிலும் அது உறைத்தது.

அப்போது ஆசிரிய நண்பர் ஒரு பழைய கதையை நினைவூட்டினார். சதுரங்கப் பத்தி எழுதுவோர் அனைவரும் மேசைமேல் எழுதி ஒட்டிவைக்க வேண்டிய கதை அது.

1895-ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 'வீக்லி சிட்டிசன்' என்னும் வாரப்பத்திரிகையில் பார்பியே என்பவர் சதுரங்கப் பகுதி எழுதிவந்தார். 1875-ல் பொட்டர், ஃபென்டன் என்னும் இருவர் ஆடிச் சமமென்று விட்டுவிட்ட ஓர் ஆட்டத்தின் முடிவை அவர் நினைவிலிருந்து எடுத்து, சற்றே மாற்றி, புதிராக வெளியிட்டார். நிலை இது: வெள்ளை அரசன் பி 6, வெள்ளைக் காலாள் சி 7, கறுப்பு அரசன் ஏ 1, கறுப்புக் கோட்டை டி 5. ஆடும் முறை கறுப்புடையது. கறுப்பு ஆட்டத்தைச் சமமாக்கிவிடும் என்பது பார்பியேயின் முடிவு.

நேயர்கள் இதனைப் பலகையில் வைத்தே தொடர்ந்து வாசிக்கவும்; மனத்தில் வைத்தால் நம் கதிதான் நேரும்!

கறுப்புக் கோட்டை டி 6-க்கு வந்து செக் சொல்கிறது. வெள்ளை அரசன் பி 7-க்குப் போனால், கோட்டை டி 7-க்கு வந்து காலாளைக் கட்டிப்போட்டு, அடுத்து அதனை வெட்டிவிடும். சி 5-க்குப் போனால், கோட்டை டி 1-க்கு ஓடிவிடும். பின்பு காலாள் அரசியானாலும், கோட்டை சி 1-லிருந்து செக் சொல்லி, அரசன் விலகியதும் பின்னால் நிற்கும் அரசியைப் பறித்துக்கொள்ளும். ஆகவே அரசன் செல்லத்தக்கது பி 5. கோட்டை டி 5-ல் மறுபடி செக். அரசன் பி 4. டி 4-ல் செக், பி 3. டி 3-ல் செக். இப்போதுதான் அரசன் சி 2-க்கு வந்து கோட்டையைத் தாக்குகிறான். படிப்படியாக இறங்கி வந்த அரசன் கோட்டையின் செக் அனைத்தையும் தீர்த்துவிட்டான். காலாள் அரசியாவதை இனித் தடுக்க முடியாது.

இங்கேதான் பார்பியேயின் தந்திரம். கோட்டை டி 4-க்குப் போகிறது. காலாள் சி 8-ல் அரசியானால், கோட்டை சி 4-ல் வந்து செக் சொல்கிறது. அரசி அதை வெட்டியே ஆகவேண்டும். வெட்டியதும் கறுப்பு அரசனுக்கு ஏ 2, பி 1, பி 2 எதுவும் இல்லை. ஸ்டேல்மேட். அழகான முடிவுதான். பார்பியே விடையை வெளியிட்டார்.

அந்நகரில் வாழ்ந்த சாவேத்ரா என்னும் ஸ்பானியத் துறவி பத்திரிகையை வாசித்தார். ஆட்டக்காரர் என்று பெயர்பெற்றவர் அல்லர் அவர். காலாள் சி 8-ல் அரசியாக வேண்டாம், கோட்டையாகட்டும் என்றார். இப்போது கறுப்புக் கோட்டை சி 4-ல் வந்து செக் சொன்னால், வெள்ளைக் கோட்டை அதை வெட்டிவிடும். ஏ 2 திறந்திருப்பதால் ஸ்டேல்மேட் இல்லை. மாறாக, வெள்ளைக் கோட்டை ஏ 8-க்கு வந்தால் செக்மேட் என்ற பயம் கறுப்புக்கு. அதைத் தடுக்கக் கறுப்புக் கோட்டை ஏ 4-க்குச் செல்வது ஒன்றே வழி. உடனே வெள்ளை அரசன் பி 3-ல் கால் வைக்கிறான். ஏ 4-ல் உள்ள கோட்டை அவன் கைக்கு எட்டும் தூரத்தில். அதே சமயம் சி 1-ல் செக்மேட் காத்திருக்கிறது. இரண்டையும் ஒரே நகர்த்தலில் தடுக்க இயலாது. வெள்ளைக்கு வெற்றி.

பார்பியே தம் பத்தியிலேயே அதனை ஒப்புக்கொண்டு வெளியிட்டார். இன்றும் உலகெங்கும் இந்நிலை 'சாவேத்ரா நிலை' என்றே வழங்கப்படுகிறது. புதிரை ஆக்கியவர் பெயரால் அன்று, திருத்தியவர் பெயரால்! நூற்றுமுப்பது ஆண்டுகளாக ஒரே ஒரு நகர்த்தலுக்காக ஒருவர் நினைக்கப்படுகிறார் என்றால், பசறை மாணவியின் தம்பி இனிச் சற்று யோசித்துச் சிரிப்பான் என்று எண்ணுகிறோம்.

புதிர் தீர்ப்பது தனியே மூலையில் இருந்து செய்யும் காரியம் என்று பெற்றோர் சிலர் கருதுகிறார்கள். மாயவரத்தில் 1969-ல் பிறந்த விசுவநாதன் ஆனந்த் ஆறு வயதில் ஆட்டம் கற்றது தம் தாயார் சுசீலா அம்மையாரிடம். தந்தையாரின் உத்தியோகத்தின் நிமித்தம் குடும்பம் சில காலம் மணிலாவில் வாழ்ந்தது. அங்கே பகல்வேளையில் தொலைக்காட்சியில் சதுரங்க நிகழ்ச்சி ஒன்று நடக்கும். முடிவில் ஒரு புதிர் கொடுப்பார்கள். மகன் அந்நேரம் பாடசாலையில் இருப்பான். அம்மையார் ஆட்டங்களையும் புதிரையும் தாளில் குறித்து வைப்பார். மாலையில் இருவருமாய் உட்கார்ந்து தீர்த்து விடையை அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். சிறுவன் பலமுறை வென்றபடியால் நிகழ்ச்சியார் அவனை அழைத்து, வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொண்டு போ, இனிமேல் விடை மட்டும் அனுப்பாதே என்றார்களாம். ஆனந்த் பின்னர் ஐந்து முறை உலக வீரரானதை நாடறியும். அந்தத் தாளும் பென்சிலும் அம்மையார் கையில் இருந்ததை நாம் மறக்கலாகாது.

சில காய்களே நிற்கும் இறுதி நிலைகளைச் சிறுபிள்ளை விளையாட்டென்று தள்ளுவோருக்கும் ஒரு வார்த்தை. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி சிங்கப்பூரில் உலகப் பட்டப் போட்டியின் பதினான்காவது ஆட்டம். சீன நாட்டு வீரர் டிங் லிரென் வெள்ளை. சென்னை இளைஞர் குகேஷ் கறுப்பு. இருவரும் ஆறரைப் புள்ளிகள் வீதம் பெற்றிருந்தனர். கறுப்புக்கு ஒரு காலாள் மிகை. ஆயினும் சமநிலையாகவே முடியும் என்று பார்த்திருந்தோர் கருதினர். 55-ஆவது நகர்த்தலில் டிங் தமது கோட்டையை எஃப் 2-க்கு நகர்த்தினார். கோட்டைகள் வெட்டுண்டன. அப்பால் குகேஷ் தமது மந்திரியை டி 5-ல் நிறுத்தவே, வெள்ளையின் மந்திரி தப்ப வழியின்றி அதுவும் வெட்டுண்டது. மிஞ்சியது அரசர்களும் காலாட்களும். அந்நிலையில் மிகையான ஒரு காலாள் போதுமானது. 58-ஆவது நகர்த்தலில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். பதினெட்டு வயதில் குகேஷ் உலக வீரரானார். உலக வீரரே களைத்த நேரத்தில் பார்க்கத் தவறியதென்ன? எல்லாக் காய்களும் வெட்டுண்டபின் எஞ்சும் அரசன் காலாள் கணக்கை! பஸ்ஸில் பார்க்கத் தவறிய நமக்கு இதில் ஒரு சிறு ஆறுதல். பெரிய ஆறுதல் அன்று. அவருக்கு எதிரில் குகேஷ் இருந்தார், நமக்கு எதிரில் ஒருவரும் இல்லை.

இனி இவ்வாரப் புதிர். றெற்றி என்னும் பேராட்டக்காரர் 1921-ல் வெளியிட்டது. நம் எல்ல ஒன்பது வளைவுப் பாலம் கட்டி முடிந்ததும் அதே ஆண்டில் என்பார்கள்.

வெள்ளை அரசன் எச் 8. வெள்ளைக் காலாள் சி 6. கறுப்பு அரசன் ஏ 6. கறுப்புக் காலாள் எச் 5. வெள்ளை முதலில் ஆடி, ஆட்டத்தைச் சமமாக்க வேண்டும்.

பார்த்தவுடன் இயலாத காரியமாகவே தோன்றும். கறுப்புக் காலாள் ஓடிவிட்டது. வெள்ளை அரசன் துரத்திப் பிடிக்க இரண்டு அடி குறைகிறது. வெள்ளைக் காலாளையோ கறுப்பு அரசன் இரண்டே அடியில் பிடித்துவிடுவான். ஆயினும் வெள்ளை தோற்பதில்லை.

ஒரு குறிப்பு மட்டும் தருகிறோம். ஏ 1-லிருந்து ஏ 8-க்கு அரசன் நேரே சென்றால் ஏழு அடி. அவனே மூலைவாட்டில் டி 4 வரை உள்ளே சென்று, மீண்டும் மூலைவாட்டில் ஏ 7-க்குத் திரும்பி, ஏ 8-ஐ அடைந்தாலும் ஏழே அடி. எண்ணிப் பாருங்கள். நிலத்தில் சுற்றுவழி நீண்ட வழி. லயத்திலிருந்து ஸ்டோருக்குக் குறுக்குப் பாதையில் இறங்கும் எவருக்கும் இது தெரியும். தெமோதரையிலே தண்டவாளம் மலையைச் சுற்றி வந்து, தன் நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தில் நுழைவதற்கு எத்தனை நேரம் பிடிக்கிறது! சதுரங்கப் பலகையில் மட்டும் அரசனுக்கு அந்தச் சட்டம் இல்லை. ஒரே நடையில் இரண்டு இடங்களை நோக்கி அவன் நடக்கலாம்.

முதல் நகர்த்தலை மட்டும் எழுதினாற் போதாது. கறுப்பு காலாளை ஓட்டினால் என்ன, அரசனை நகர்த்தினால் என்ன என்று இரு வழிகளையும் எழுதுதல் வேண்டும். விடைகளை வெள்ளிக்கிழமைக்குள் நமக்குக் கிடைக்குமாறு அனுப்புக. இம்முறை பெயர்ப்பட்டியலைத் தையற்கடைச் சபை பலகையில் வைத்துப் பார்த்த பின்னரே வெளியிடுவோம். பசறை மாணவிக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் தாத்தாவின் விடையையும் தனித்தாளில் எழுதி அனுப்புங்கள்.